ஆனி ஆடியில் ஒரு பாறை

ஆனி பிறந்துவிட்டால் கன்னியாகுமரிப் படகுத்துறையில் ஓர் அறிவிப்பை அடிக்கடி பார்க்கலாம். கடல் சீற்றம் காரணமாகப் படகுப் போக்குவரத்து நிறுத்தம். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் கயிற்றில் கட்டுண்டு ஆடிக்கொண்டிருக்கும். வடக்கிலிருந்து நெடுந்தூரம் ரயிலேறி வந்த குடும்பங்கள் வரிசையைக் கலைத்துவிட்டுக் கரையோரச் சுவருக்குத் திரும்பும். அங்கே இடம் பிடித்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். கைப்பேசியை உயர்த்தி, போக முடியாமல் போன பாறையைப் படம் பிடிக்கிறார்கள். போய் வந்தவர்களின் படங்களில் அவர்களுடைய முகமே பெரிதாக இருக்கும். பாறை காலடியில் கிடக்கும். போக முடியாதவர்கள் எடுத்த படங்களில்தான் பாறை பாறையாக இருக்கிறது.

நான் கன்னியாகுமரிக்குக் கேமராவோடு போவதும் இந்த மாதங்களில்தான். மார்கழி, தை மாதங்களில் அங்கே கூட்டம் அதிகம். பாறை தன் மேலுள்ள கட்டடங்களுக்கு மேடையாகி ஒதுங்கிவிடும். ஆனி ஆடியில் கச்சான் வீசுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேற்குக் காற்று. குளச்சல் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே முனையில் வெயில் அடிக்கும். கடல் கொந்தளிக்கிறது, வெளிச்சமும் இருக்கிறது; இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது படமெடுப்பவனுக்கு அரிது. கரையில் நின்று கிழக்கே பாறையைப் பார்க்கும்போது காற்று முதுகில் அடிக்கும். அதனால் லென்ஸில் உப்புநீர் நேரடியாக ஏறுவது குறைவு. குறைவுதானே தவிர, இல்லாமல் இல்லை. சிறிது நேரத்தில் கண்ணாடியில் மெல்லிய உப்புப் படலம் படிந்துவிடும். அதை உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது, பரல் கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுக்க வேண்டும்.

கரையிலிருந்து விவேகானந்தர் பாறை ஏறத்தாழ அரை கிலோமீட்டர். அலை பாறையில் மோதி வெள்ளையாக எழுவது முதலில் தெரியும். ஒன்றரை விநாடி கழித்தே முழக்கம் வந்து சேரும். அதற்குள் நுரை உச்சிக்குப் போய், காற்றில் சாய்ந்து, சிதறத் தொடங்கியிருக்கும். காதை நம்பிப் பொத்தானை அழுத்துகிறவனுக்கு முடிந்துபோன அலைதான் கிடைக்கும். மோதலைக் கண்ணால் பார்த்தபின் அழுத்தினாலும் தாமதமே. அலை வெளியே எழும்போதே அதைப் பிடித்துக்கொண்டு பின்தொடர வேண்டும். பாறையை நெருங்கும்போது அதன் முகம் கருத்துச் செங்குத்தாகும். அந்தக் கருமையைப் பார்த்துத்தான் விரல் இறங்க வேண்டும். பெரிய அலைகள் தனியாக வருவதில்லை. சில சேர்ந்தாற்போல் வரும், பிறகு கடல் கொஞ்சம் அடங்கும், மறுபடியும் வரும். வாவத்துறையில் வள்ளம் இறக்குகிறவர்கள் அந்த அடக்கத்துக்காகக் காத்திருப்பார்கள். அதே அலைக்கூட்டத்தின் உச்சத்துக்காக நான் காத்திருக்கிறேன். ஒரே கடலை, ஏறக்குறைய ஒரே கவனத்தோடு, இரு தரப்பும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அவர்களுக்கு வேண்டியது வழி, எனக்கு வேண்டியது மோதல். சீறும் கடலில் ஒரு பாறையைப் படமெடுப்பது பற்றி நான் யோசிக்கும் எல்லாமே இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்குகின்றன.

உலகெங்கும் இப்படிப் படமெடுக்கப்படும் கரையோரப் பாறைகள் பல உண்டு. நார்மண்டியின் எத்ரெதாவில் மோனே திரும்பத் திரும்ப வரைந்த சுண்ணப்பாறை வளைவுகள், ஆஸ்திரேலியாவின் தென்கரையில் நிற்கும் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள், மால்டா நாட்டின் கோசோ தீவிலிருந்த அசூர் விண்டோ. இவையெல்லாம் கடலே செதுக்கிக் கடலே ஒருநாள் சாய்ப்பவை. அசூர் விண்டோ 2017 மார்ச் 8 அன்று புயலில் விழுந்தது. லட்சக்கணக்கானோர் அதை எடுத்த படங்கள் இருக்கின்றன, வளைவு இல்லை. அத்தகைய இடங்களில் புயல்படம் எடுக்கிறவனுக்குள் ஒரு பதற்றம் இருக்கும்: இது கடைசிப் படமாகிவிடுமோ என்று.

குமரியின் பாறை அந்த இனத்தைச் சேர்ந்ததல்ல. பூமியின் அடியாழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகிய பாறை அது. வயது ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல். இந்தியாவும் மடகாஸ்கரும் அண்டார்க்டிகாவும் ஒரே நிலமாக ஒட்டிக்கிடந்த காலத்தில் உருவானது. நம் காலத்து அலைகள் அதை ஒன்றும் செய்துவிடப் போவதில்லை. ஆகவே, பாறை தாங்குமா என்ற கேள்வி இங்கே எடுக்கும் படத்தில் இல்லை. அதற்குப் பதிலாக, மற்றப் பாறைகளிடம் கிடைக்காத ஒன்று இங்கே இருக்கிறது. அளவு.

விவேகானந்தர் பாறைக்குப் பக்கத்துப் பாறையில் நிற்கும், கணபதி ஸ்தபதி வடித்த வள்ளுவர் சிலையின் உயரம் 133 அடி. பீடம் 38 அடி, அதன்மேல் சிலை 95 அடி. அறத்துப்பாலின் அதிகாரங்களுக்குப் பீடம், பொருளுக்கும் இன்பத்துக்கும் சிலை என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிந்த கணக்கு. 2000 ஜனவரி 1 அன்று அந்தச் சிலை திறக்கப்பட்டபோது, தமிழ்க் கரையில் கடலை அளக்க ஒரு கோல் நடப்பட்டது என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான். ஒரு படத்தில் நீர் பீடத்தின் அடிக்கட்டு வரை ஏறியிருக்கிறதா, பாதி வரை தெறித்திருக்கிறதா, பீடத்தைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்தாலே அன்றைய கடல் என்ன செய்தது என்று அடிக்கணக்கில் ஓரளவு சொல்லிவிடலாம். தெறிக்கும் நீரின் உயரம் வேறு, அலையின் உயரம் வேறு என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. மூன்று மீட்டர் அலைகூடப் பாறையில் நேராக மோதினால் அதைப்போலப் பலமடங்கு உயரத்துக்கு நீரை எறியும்.

வெறும் பாறையும் வெறும் கடலும் உள்ள படத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மிகைப்படுத்தலாம். தொலைவு லென்ஸைப் போட்டுத் தாழ்ந்த இடத்தில் உட்கார்ந்தால், இடுப்பளவு அலை மலைபோல எழும். அளவு தெரியாதவரை கண் அதை நம்பும். வள்ளுவர் சட்டத்துக்குள் நின்றுவிட்டால் அந்தப் பொய் எடுபடாது. இதை நான் பெரிய கொடையாகவே கருதுகிறேன். சீற்றத்தைக் காட்டும் படத்துக்கு அழகைவிட முதலில் வேண்டியது எவ்வளவு சீற்றம் என்ற நேர்மை.

இந்த நேர்மையை ஒரு பொத்தானில் இழந்துவிடவும் முடியும். லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி வடிகட்டியை மாட்டி, ஷட்டரை முப்பது விநாடியோ இரண்டு நிமிடமோ திறந்துவைத்தால், அந்த நேரத்துக்குள் வந்து போன அலைகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வெள்ளைப் படலமாகிவிடும். பாறை மட்டும் கூர்மையாக, தவத்தில் இருப்பதுபோல் நிற்கும். இன்று கரையோரப் பாறைகளைப் படமெடுக்கிறவர்களில் பலர் இந்த முறையை விரும்புகிறார்கள். வாழ்த்து அட்டைகளிலும் விடுதிச் சுவர்களிலும் இருப்பது பெரும்பாலும் இதுவே. வாவத்துறையில் ஒரு டீக்கடையில் இப்படியொரு படம் நாட்காட்டியில் தொங்கியது. பக்கத்து பெஞ்சில் இருந்த மூத்த மீனவர் ஒருவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“கடல எங்க மக்கா?”

“அதாம்ணே அது. வெள்ளையா இருக்குல்லா, அது கடல்தான்.”

“இது பஞ்சுலா. இதுல எவன் வள்ளம் இறக்குவான்?”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. படத்தில் காற்று எந்தப் பக்கம், அலை எங்கிருந்து வருகிறது, உடைவது எங்கே என்று தேடியிருக்கிறார். எதுவும் கிடைக்கவில்லை. நீண்ட நேர ஒளிப்பதிவு கடலிலிருந்து முதலில் அழிப்பது அவர் தேடியதைத்தான்: திசையை, கனத்தை, இரண்டு அலைக்கு நடுவே உள்ள இடைவெளியை. அமைதியான நாளில், அமைதியான நீரில் அந்த முறைக்கு எனக்கு மறுப்பில்லை. சீறும் கடலை அப்படி எடுப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் எடுத்த படம் நீரை உறையவைத்து இயல்புக்கு மாறாகக் காட்டுகிறது என்று மறுதரப்பு சொல்லும். அது சரியே, மனிதக் கண் அப்படிப் பார்ப்பதில்லை. ஆனாலும் அதில் எந்த அலை என்று சொல்ல முடிகிறது. அந்த அலைக்கு ஒரு முகமும் முதுகும் இருக்கின்றன.

ஒளிப்படக் கலை தொடங்கிய நாட்களிலேயே இந்த வழக்கு இருந்தது. பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1856, 57 ஆண்டுகளில் கடலைப் படமெடுத்தார். தெற்கே செத் துறைமுகத்தில் அவர் எடுத்த பெரும் அலை இன்றும் பேசப்படுகிறது. அன்றைய ஈரக் கொலோடியன் கண்ணாடித் தகடு நீல ஒளிக்கு மட்டும் கூடுதலாக வினைபுரியும். கடல் சரியாகப் பதிய வேண்டுமானால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். வானத்துக்கு அளந்தால் கடல் இருண்டுவிடும். லெ கிரே இரண்டு தகடுகள் எடுத்தார், ஒன்று கடலுக்கு, ஒன்று வானத்துக்கு. இரண்டையும் தொடுவானத்தில் ஒட்டி அச்சிட்டார். ஒரே மேகக்கூட்டம் அவருடைய வெவ்வேறு கடல்களின்மேல் மிதப்பதை இன்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். அதைச் சுட்டி அவரைக் குறை சொல்கிறவர்களோடு என்னால் சேர முடியாது. வானத்தை விட்டுக்கொடுத்து அவர் காப்பாற்றியது அலையின் கணத்தை. அதுவரை பெரும்பாலான தகடுகளில் அலை அலையாக நின்றதில்லை, மங்கலான பரப்பாகவே பதிந்தது. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது. நூற்றெழுபது ஆண்டுகள் கழித்து, அவர் பாடுபட்டு விலக்கிய மங்கலைக் காசு கொடுத்து வடிகட்டி வாங்கித் திரும்பக் கொண்டுவருகிறோம்.

அந்த மீனவரிடம் பிறகொரு முறை என் படமொன்றின் அச்சைக் கொடுத்தேன். ஆடி மாதக் காலை. பெரிய பாறையின் தோளுக்கு மேலே நுரை விரிந்து நிற்கும் படம்.

“பெருசா அடிச்சிருக்கு. நல்லா இருக்கு மக்கா,” என்றார். பிறகு விரலைப் படத்தின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோனார். பாறையை விட்டு விலகி, வெற்றுக் கடலில் சின்னதாக ஒரு வெள்ளை.

“இது என்னதுன்னு தெரியுமா?”

“அலை உடைஞ்சிருக்கு.”

“சும்மா உடையுமா? அடியில கல்லு கெடக்கு. தண்ணி வத்தினாத்தான் தலை காட்டும். மேல தெரியுத பாறைக்கு எவனும் பயப்பட மாட்டான். இதாக்கும் ஆளக் கொல்லுதது. வாறவன் இந்த வெள்ளையப் பாத்துத்தான் வெலகிப் போவான்.”

அதற்குப் பிறகு அந்தப் படத்தை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. பார்வையாளர் எல்லோரும் நடுவிலிருக்கும் மோதலைப் பார்க்கிறார்கள். கடல் தெரிந்தவர் ஓரத்தைப் பார்க்கிறார். பெரிய பாறை அவருக்குப் பகையே அல்ல. அது துணை. கரையிலுள்ள அலங்கார உபகார மாதா கோவிலின் கோபுரத்தையோ பின்னாலிருக்கும் மருந்துவாழ்மலையின் முகட்டையோ அருகிலுள்ள இன்னொரு அடையாளத்தோடு நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, கடலுக்கடியில் மீன் கூடும் பார் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த தலைமுறை அவருடையது. ஜிபிஎஸ் வந்தபின் அந்தக் கணக்கு மெல்ல மறக்கப்படுகிறது. கடலிலிருந்து கரையைப் பார்க்கும் அந்தப் பார்வையில் பாறை ஒரு குறி. கரையிலிருந்து பார்க்கும் நமக்கு அது காட்சி.

கடலின் அழகான சீற்றம் என்று நாம் சொல்வதெல்லாம் கரையில் நிற்கிறவனுக்கு மட்டுமே கிடைப்பது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பாதுகாப்பான இடத்தில் நின்று பெரும் ஆற்றலைப் பார்க்கும்போது மனம் விரிகிறது. அந்த விரிவு உண்மையானது, எனக்கு வேண்டியது. ஆனால் எடுக்கும் படத்தில் நான் நின்ற இடமும் பதிய வேண்டும் என்று விரும்புகிறேன். சுவரின் விளிம்பு, சுவரில் சாய்ந்து நிற்கும் ஒரு குடும்பத்தின் முதுகுகள், கரையேற்றி வைத்த வள்ளத்தின் மூக்கு, இவற்றில் ஏதாவது ஒன்று. அவை இல்லாத படத்தில் பாறையும் கடலும் மனிதரே இல்லாத உலகில் போரிடுவதாகத் தோன்றும். அப்படி ஓர் உலகம் குமரியில் இல்லை.

கடற்கரையின் இந்தப் பாதுகாப்பும் நாம் நினைக்கும் அளவுக்கு உறுதியானதல்ல. 2024 மே 6. வானம் தெளிவு, புயல் எச்சரிக்கைக் கூண்டு எதுவும் ஏற்றப்படவில்லை. கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் கால் நனைக்க இறங்கிய மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். புயலின் அறிகுறியே இல்லாமல் இப்படி ஏறிவரும் கடலைக் கேரளத்திலும் குமரியிலும் மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். 2012இல் யுனெஸ்கோ இந்தச் சொல்லை அறிவியல் வழக்காகவே ஏற்றுக்கொண்டது. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் இப்போது இதற்கென்று தனி எச்சரிக்கை வெளியிடுகிறது. அந்த மே மாதமும் வெளியிட்டிருந்தது.

இது எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாறையில் மோதும் ஒவ்வொரு அலையையும் பார்க்கும் விதம் மாறும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே நாற்பது பாகைக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் கீழ்க்கோடியில், நிலத்தின் தடையே இல்லாமல் காற்று வீசிக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு பெரும் புயல் எழுப்பும் அலைகள் வடக்கே பயணப்படுகின்றன. இரண்டு முகடுகளுக்கு இடையே பதினெட்டு விநாடி என்று வைத்துக்கொண்டால், ஆழ்கடலில் அவற்றின் இடைவெளி அரை கிலோமீட்டர். கூட்டமாக அவை நகரும் வேகம் மணிக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். ஐயாயிரம் கிலோமீட்டரைக் கடந்து குமரியை அடைய நான்கைந்து நாள் ஆகும். வழியில் கப்பலில் இருப்பவர்களுக்கு அவை தெரியவே தெரியாது. கப்பல் மெல்ல ஏறி மெல்ல இறங்கும், அவ்வளவுதான். கரையருகே ஆழம் குறையக் குறையத்தான் அந்த அலை வேகமிழந்து, நெருங்கி, எழுகிறது. அண்டார்க்டிகாவை நோக்கிய தென்திசையில் குறுக்கே பெருநிலம் எதுவும் இல்லாத முனை குமரி. அந்த நெடும்பயணத்தின் முடிவை முதலில் வாங்குவது இந்தப் பாறைகளே.

இந்த வகை அலையை நான் படமெடுத்திருக்கிறேன். நீல வானம், காற்றே இல்லை, கடற்பரப்பு வழவழப்பாக இருக்கிறது. பாறையில் மட்டும் வெள்ளை எழுகிறது. பார்ப்பவர்கள் இதமான நாள் என்கிறார்கள். புயல் அந்தச் சட்டத்துக்குள் இல்லை, ஐந்து நாளுக்கு முன்னால் வேறொரு கடலில் இருந்தது. கேமராவால் காட்ட முடியாததைப் படத்தின் அடியில் எழுதித்தான் தெரிவிக்க வேண்டும். எழுதாமல் விட்ட அழகான படம் ஒருவரைத் தண்ணீருக்கு அழைத்துவிடக்கூடும் என்பதால், இப்போதெல்லாம் அத்தகைய படங்களைக் குறிப்பில்லாமல் யாருக்கும் அனுப்புவதில்லை.

புயல்கடல் படங்களிலேயே அதிகம் பார்க்கப்பட்டவற்றில் ஒன்று பிரான்சின் பிரித்தானிக் கரைக்கு அப்பால் உள்ள லா ஜுமான் கலங்கரை விளக்கம். ஊசான் தீவருகே கப்பல்களைப் பலிகொண்ட ஒரு பாறையின்மேல் 1904 முதல் 1911 வரை கட்டப்பட்டது. 1989 டிசம்பர் 21 அன்று ழான் கிஷார் ஒரு ஹெலிகாப்டரில் தொங்கியபடி அதைப் படமெடுத்தார். கோபுரத்தைப் பின்னாலிருந்து அலை இரு கைகளாலும் அணைக்க வருகிறது. கீழே திறந்த கதவில், அதைப் பார்க்காமல், ஒரு மனிதர் நிற்கிறார். அவர் விளக்கின் காவலர். முந்தைய இரவு முழுவதும் புயல் கோபுரத்தைத் தாக்கி ஜன்னல்களை உடைத்திருந்தது. ஹெலிகாப்டரின் சத்தம் கேட்டதும் தங்களை மீட்க வந்துவிட்டார்கள் என்று நினைத்து அவர் கதவைத் திறந்தார். மறுகணம் அலையை உணர்ந்து உள்ளே போய்க் கதவை அடைத்துப் பிழைத்துக்கொண்டார். படம் உலகெங்கும் சுவரொட்டியாக விற்றது.

அந்தப் படத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். அளவு இருக்கிறது, மனிதர் இருக்கிறார், அலைக்கு முகம் இருக்கிறது. மேலே நான் கேட்டதெல்லாம் இருக்கிறது. ஆனாலும் அதை நெடுநேரம் பார்க்க முடிவதில்லை. அவரை வாசலுக்கு வரவழைத்ததே கேமராதான். மீட்பு என்று நினைத்து வெளியே வந்த ஒருவருக்கு எதிரே இருந்தது லென்ஸ். கிஷார்மேல் பழி சொல்ல எனக்கு உரிமையில்லை, அவரும் அந்தக் காற்றில் உயிரைப் பணயம் வைத்தே பறந்தார். கேமரா இருக்கும் இடத்துக்குக் கடல் மட்டும் வருவதில்லை, உதவி எதிர்பார்க்கும் மனிதர்களும் வருவார்கள் என்பதை அந்தப் படம்போல எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

குமரிக் கரைக்கு அந்த எதிர்பார்ப்பு புதிதல்ல. 2004 டிசம்பர் 26 அன்று விவேகானந்தர் பாறையில் சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டு, பிறகு மீட்கப்பட்டார்கள். சிலை நின்றது, விவேகானந்தர் நினைவு மண்டபம் நின்றது. சுனாமியைத் தாங்கி நின்ற வள்ளுவர் என்ற படமும் பேச்சும் அதன்பின் பல ஆண்டுகள் சுற்றிவந்தன. அதே கரையில், பாறையிலிருந்து சில கிலோமீட்டர் மேற்கே, மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் இடையிலிருந்த பாலத்தின் தளங்களைக் கடல் தூக்கி எறிந்திருந்தது. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் வீடுகள் இருந்த இடம் மணலாகக் கிடந்தது. நின்றதைப் படமெடுப்பது எளிது, அது நிற்கிறது. கடல் எடுத்துக்கொண்டு போனதன் எதிரே எந்தக் கோணத்தில் நிற்பது?

ஒக்கிப் புயலில் இது இன்னும் கூர்மையாக வந்து நின்றது. 2017 நவம்பர் 29 இரவும் 30ஆம் தேதியும் அந்தப் புயல் குமரிக்கு அருகே கடந்தது. ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து கிடந்த படங்கள் நாளிதழ்களில் வந்தன. அவற்றை எடுக்க முடிந்தது. பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட மீனவர்கள் புயலின் நடுவே இருந்தார்கள். அங்கே கேமரா இல்லை. தேடுதலை விரைவுபடுத்தக் கேட்டு டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று மேற்குக் கரையோர ஊர்களில் திரும்பி வராதவர்களின் முகங்கள் பதாகைகளில் ஏறின. அடையாள அட்டைக்காக நீலத் திரைமுன் உட்கார்ந்து எடுத்த சிறிய படத்தைப் பெரிதாக்கியவை. பெரிதாக்கியதில் கண்களின் ஓரங்கள் புள்ளிபுள்ளியாக உடைந்திருந்தன. ஒக்கியின் கடலைக் காட்டும் படங்கள் என்று நான் கருதுவது அவற்றைத்தான். அவற்றில் ஒரு துளி தண்ணீர்கூட இல்லை.

இதற்குப் பிறகும் பாறையைப் படமெடுக்கத்தான் போகிறேன். அந்த மோதலைப் பார்க்கையில் ஏற்படும் வியப்பு குறையவில்லை; குறைய வேண்டும் என்றும் நினைக்கவில்லை. ஆனால் படத்திடம் வேறொன்றும் கேட்கத் தொடங்கியிருக்கிறேன், அது கடலைப் பற்றிய சாட்சியாகவும் இருக்க வேண்டும் என்று. குமரியின் பாறைகளுக்கு அது முடியும். 1970 செப்டம்பர் 2 அன்று குடியரசுத் தலைவர் வி.வி. கிரி திறந்துவைத்த நினைவு மண்டபம் எழும்பத் தொடங்குவதற்கு முன்பு எடுத்த படங்களில் பாறை வெறுமையாக இருக்கும். அதன்பின் மண்டபம், 2000 முதல் சிலை, 2024 டிசம்பர் 30 முதல் இரண்டு பாறைகளுக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம். இரு பக்கத்து அலையும் சந்தித்து மேலே வெடித்த இடைவெளியில் இப்போது பாலத்தின் வளைவு நிற்கிறது. படத்துக்கு அந்த இடைவெளி அருமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் படகு அணைய முடியாத நாட்களில் வள்ளுவரைப் பார்க்காமலே திரும்பிய குடும்பங்கள் இப்போது விவேகானந்தர் பாறையிலிருந்து நடந்தே போகின்றன. அவர்கள் பக்கம் நிற்கவே எனக்கு விருப்பம். தவிரவும், நின்றுகொண்டிருக்கும் கோலுக்குப் பக்கத்தில் படுத்த கோலொன்றும் கிடைத்திருக்கிறது.

உயரமும் நீளமும் தெரிந்த கட்டடங்களின்மேல் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான கேமராக்கள் திரும்புகின்றன. உலகில் எத்தனை பாறைகளுக்கு இப்படி அமையும்? முன்பு கடற்கரையில் பிலிம் கேமராவோடு நின்று, பயணிகளிடம் முகவரி வாங்கிப் படத்தை அஞ்சலில் அனுப்பிய படக்காரர்களிடம் பெட்டி பெட்டியாக நெகட்டிவ்கள் இருந்தன. கடற்காற்றில் பூஞ்சை பிடிக்குமுன் அவற்றை யாராவது பார்க்க வேண்டும். முன்னால் சிரிக்கும் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால், கவனிக்கப்படாமல், அன்றைய கடலின் உயரம் பதிந்திருக்கிறது. நாகர்கோவிலைச் சுற்றி எத்தனையோ கல்லூரிகள் இருக்கின்றன. இயற்பியல் மாணவர்கள் சிலர் ஒரு கோடை விடுமுறையில் இந்த வேலையைத் தொடங்கலாம். கைப்பேசிப் படங்களில் எந்த நாள் எடுத்தது என்று தேடும் சிக்கலும் இல்லை. தேதியும் மணியும் தாமாகவே உள்ளே பதிந்துவிடுகின்றன.

எனவே வருகிற ஆனியில் படகு நின்றுபோய் அந்தச் சுவரில் சாய்கிறவர்களிடம் சில வேண்டுகோள்கள். பீடத்தின் அடி முதல் வள்ளுவரின் தலை வரை முழுவதும் படத்தில் வரட்டும். இரண்டு பெரிய அலைகளுக்கு நடுவே எத்தனை விநாடி என்று எண்ணி, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதோடு சேர்த்துப் படத்தின் கீழே எழுதிவையுங்கள். இடது ஓரத்தில், வெற்றுக் கடலில் காரணமில்லாமல் உடைவதுபோல் ஒரு சிறு வெள்ளை தெரியும். படத்தைச் சீராக்க வேண்டும் என்று அதை வெட்டிவிடாதீர்கள்.